யோகமலரின் வின்ரர் கார்

அந்தக் கிழமையில் நாலாவது தடவையாகப் பத்மநாதன் தங்கைக்கு முன்னால் வந்து நின்று, "உதை வித்துத் துலை" என்றான்.

அவன் சொன்னது கராஜில் நின்ற சிவப்பு மாஸ்டா மியாட்டாவை. இரண்டே இருக்கைகள். துணிக் கூரையைக் கையால் மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். யோகமலர் அதைத் தொண்ணூற்றாறில் வாங்கினாள். விமானங்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவள் கடைசல் இயந்திரம் ஓட்டினாள். தலைமயிரின் மூன்றிலொரு பங்கு பிசகினாலும் செய்த துண்டைக் குப்பையில் போடவேண்டிய வேலை அது. மூன்று வருட ஓவர்ரைம் அந்தக் காராக மாறியிருந்தது. முப்பத்தொரு வயதில், தனக்கென்று அவள் வாங்கிய முதல் பெரிய பொருள்.

முதல் இரண்டு குளிர்காலமும் சிக்கல் இருக்கவில்லை. நவம்பரில் காரைக் கழுவித் துடைத்துப் போர்வையால் மூடிவிடுவாள். ஏப்ரல் வரை பஸ். ரொறன்ரோவில் பனி விழத் தொடங்கியதும் தெருவெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். அதோடு மியாட்டாவைத் தள்ளுவது பின் சில்லுகள். வழுக்குத் தரையில் அது தன்பாட்டில் சுழன்றுவிடும். ஆனால் இந்த வருடம் தொழிற்சாலை ஸ்காபரோவை விட்டு ஸ்ரௌவ்வில்லுக்குப் போகிறது. காலை ஏழு மணிக்கு அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் இல்லை.

"விக்கமாட்டன் அண்ணை. வின்ரருக்கு மட்டும் ஒரு பழைய கார் பாக்கிறன்."

"ஒரு ஆளுக்கு ரெண்டு காரோ?"

"மலிவாத்தான். சின்னக் காரா, கியர் காரா. முன் சில்லு இழுக்கிறதா. ஓட்ட ஆசையாவும் இருக்கவேணும்."

"ஆசையோ?" பத்மநாதன் சிரித்தான். நல்ல சிரிப்பல்ல. "ஆசைக்குக் கார் ஓடுறது ஆர் இந்த ஊரில? நான் ஒரு நாளாவது ஆசைக்கு எங்கையாவது போயிருக்கிறனோ?"

அவன் போகவில்லைதான். எண்பத்தாறில் வந்தவன். பகலில் அச்சகம், சனி ஞாயிறுகளில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. தங்கையை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவனும், ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் இந்த வீட்டை வாங்கி அவளுக்குப் பேஸ்மன்ற் அறையைக் கொடுத்தவனும் அவன்தான். வாடகை வாங்குகிறான் என்றாலும், கொடுத்தேன் என்றுதான் சொல்வான். அந்தக் கோடையில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ட்ரைவ்வேயில் நின்ற மியாட்டாவைப் பார்த்துவிட்டு, "பிள்ளை பிறந்தா டிக்கிக்குள்ளயோ போடுறது?" என்று கேட்டாள். யோகமலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் வராததைக்கூடப் பத்மநாதன் மறந்திருப்பான். அவள் சிரித்ததை அவன் மன்னிக்கவில்லை.

"சரி. சனிக்கிழமை என்னோட வா" என்றான். "யேசுரட்ணத்திட்ட நல்லதொண்டு நிக்குதாம். நான் சொல்லி வைச்சிருக்கிறன். அதை எடு. எடுத்து ஒரு மாசத்தில உந்தச் சிவப்பை வித்துப்போடு. கதை முடிஞ்சுது."

யேசுரட்ணம் பத்மநாதனின் பழைய அறைத்தோழன். பழைய கார்களை வாங்கித் திருத்தி விற்பவன். கென்னடி வீதிக்குப் பின்புறம், கம்பிவேலி போட்ட ஒரு சரளைக்கல் காணியில் இருபது இருபத்தைந்து கார்கள் நின்றன. மூலையில் ஒரு ட்ரெயிலர், அதுதான் அலுவலகம். அதற்குள் மட்டக்களப்புப் பக்கத்துத் தம்பதி ஒன்று, குஞ்சித்தம்பியும் மனைவி புஸ்பராணியும், கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு தங்கள் காருக்கான பத்திரத்துக்குக் காத்திருந்தார்கள்.

யோகமலருக்குக் காட்டியது சாம்பல் நிற செடான். நாலு கதவு, ஓட்டோமாற்றிக்.

"ஒரு ரீச்சர் அம்மா வைச்சிருந்தது. சேர்ச்சுக்கும் கடைக்கும்தான் ஓடினவ" என்றான் யேசுரட்ணம். அதைப் பத்மநாதனைப் பார்த்தே சொன்னான்.

"கியர் காரெல்லோ கேட்டனான்" என்றாள் அவள்.

"தங்கச்சி, இந்தப் பனிக்குள்ள கியர் மாத்தி விளையாடேலாது. உமக்கு இதுதான் சரி."

அவள் கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்தாள். தொழிற்சாலையில் இரும்புத்தூள் பொறுக்குகிற காந்தம். முன்கதவில் வைத்தாள், ஒட்டியது. பொனெற்றில் ஒட்டியது. பின்கதவைத் தாண்டிச் சில்லுக்கு மேலே வைத்தபோது பிடிக்காமல் நழுவி அவள் கைக்குள் விழுந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தாள். அங்கும் விழுந்தது. வர்ணத்துக்குக் கீழே இருந்தது தகடல்ல. பள்ளத்தை நிரப்பி உரஞ்சிய பசை.

"எல்லாக் காரிலையும் ஒரு கீறல் கோடு இருக்கும்" என்றான் யேசுரட்ணம்.

அவள் பின்கதவைத் திறந்து இருக்கைக்குக் கீழிருந்த கம்பளத்தைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், ஏய்! கார் வாங்க வந்தனீரோ, பிரேதப் பரிசோதனைக்கு வந்தனீரோ?"

கம்பளம் கிளம்பி வந்தது. தரைத்தகட்டின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை, விரல் மொத்தத்தில் உருக்கி ஒட்டிய தையல் ஓடியது. அதற்கு முன்பக்கத் தகடு நீலம். பின்பக்கம் சாம்பல்.

யோகமலர் எழுந்து நின்று முழங்காலைத் தட்டி, யேசுரட்ணத்தைப் பார்த்தாள். அவளுடைய குரல் இயந்திர இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். மெல்லக் கதைக்க வராது. "இது ஒரு காரில்லை அண்ணை. அடிபட்ட ரெண்டு காரை வெட்டி ஒட்டியிருக்கிறியள். முன்பாதி ஒண்டு, பின்பாதி ஒண்டு. ஆராவது பின்னால இடிச்சா இது ரெண்டாப் பிரியும்."

ட்ரெயிலர் வாசலுக்குக் குஞ்சித்தம்பி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் புஸ்பராணி.

"உமக்கென்ன தெரியும்? பொம்பிளைப் பிள்ளை காந்தத்தைக் கொண்டுவந்து வித்தை காட்டுறீரோ?" யேசுரட்ணத்தின் கழுத்து சிவந்தது. "பத்மா, உன்ர தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வெளிய போ. இல்லாட்டி நான் மரியாதை கெட்டவன்."

"மகள்," என்றார் குஞ்சித்தம்பி மெதுவாக, "நம்மட காரையும் ஒருக்காப் பாருங்க."

"அவ பாக்கத் தேவையில்லை ஐயா. உங்கட கார் வேற..."

"பாக்கட்டுமே" என்றாள் புஸ்பராணி. யேசுரட்ணம் அந்தக் காருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றான். தம்பதிக்கு அது போதுமாக இருந்தது. புஸ்பராணி கோப்பையை ட்ரெயிலர்ப் படியில் வைத்துவிட்டுக் கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேற்றுக்கு நடந்தாள்.

பத்மநாதனின் வான் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று யோகமலர் கேட்டாள்.

"அவன்ர பிழைப்பில மண் போட்டிட்டாய்."

"அதைக் கேக்கேல்லை. அந்தக் கார் அப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"அடிபட்டுத் திருத்தினதெண்டு தெரியும்." அவன் தெருவைப் பார்த்தபடி சொன்னான். "நீ வேலைக்குப் போய் வீட்ட வாறதுதானே. மெதுவாப் போனா ஒண்டும் செய்யாது."

அவன் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு நொந்திருக்காது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டு ட்ரைவ்வேயில் வானை நிறுத்திவிட்டு அவன், "அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கிடையில கராஜைக் காலியாக்கு. வானை உள்ளுக்க விடப்போறன்" என்றான்.

மியாட்டாவுக்கு இடம் கிடைத்தது சுலபமாக. புதுத் தொழிற்சாலைக்குப் போகும் வழியில், புதிதாகக் கட்டிய வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், படகுகளையும் கார்களையும் குளிர்காலம் முழுக்க வைத்திருப்போம் என்று ஒரு பண்ணையில் பலகை தொங்கியது. அவள் காரைக் கொண்டுபோய்க் களஞ்சியத்துக்குள் விட்டு, பற்றரியைக் கழற்றி, போர்வையை மூடினாள். பண்ணைக்காரன் தன் ட்ரக்கில் அவளைத் தொழிற்சாலையில் இறக்கிவிட்டான்.

வின்ரர் கார்தான் கிடைக்கவில்லை. பேப்பர் விளம்பரங்களைப் பார்த்து மூன்று இடம் போனாள். ஒன்றின் பிரேக் தரைவரை போனது. ஒன்று அவள் போகுமுன் விற்றுப்போய்விட்டது. மூன்றாவதில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் அதை ஓட்டியபோது தரிப்பிடத்து மர வாங்கில் இருந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டாள். அந்த இரண்டு கிழமையும் கூட வேலை செய்த ஒரு போலந்துக்காரனின் காரில் ஏறிப் போனாள். அவன் வழி முழுக்கச் சிகரெற் பிடித்தான்.

மதியச் சாப்பாட்டு அறையின் பலகையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. 'ஹொண்டா சிவிக் ஹச்பாக். 88. ஐந்து கியர். துருப்பிடித்தது, ஓடும். ஆயிரத்து ஐந்நூறு. பேரம் பேசி என் நேரத்தை வீணாக்க வேண்டாம்.' கீழே சீமோன் என்று கையெழுத்து.

இரண்டு நாள் அவள் அந்தக் கடதாசியைப் பார்க்காததுபோல் கடந்து போனாள். சீமோன் அடுத்த இயந்திரத்தில் வேலை செய்பவன், மன்னார்க்காரன். ஒரு வருடத்துக்கு முன் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் பதவி வந்தபோது, அவன்தான் மூத்தவன், கிடைத்தது அவளுக்கு. அன்றிலிருந்து அவன் அவளோடு அளவுகளைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. மேலதிகாரியின் காலைப் பிடித்து வாங்கியது என்று அவன் சொல்லித் திரிந்தது அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் போய்க் கேட்டாள்.

"உமக்கு விக்கிற யோசினை இல்லை" என்றான் சீமோன், நிமிராமல்.

"என்னைத் தவிர எண்டு கடதாசியில எழுதேல்லை."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "இடதுபக்கச் சில்லுக்கு மேல ஓட்டை. வலதுபக்கக் கதவடி உக்கிப்போச்சு. ரேடியோ இல்லை. பின் வைப்பர் வேலை செய்யாது. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா அரைப் போத்தில் ஒயில் குடிக்கும். வாங்கினாப் பிறகு என்னட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

"என்ஜின்?"

"என்ஜினும் கியர்ப்பெட்டியும் நான் பாத்தது. அதில பிழை பிடிச்சா காசைத் திருப்பித் தாறன்."

"ஏன் விக்கிறீர்?"

"மூண்டாவது பிள்ளை பிறந்திருக்கு. உமக்கு அது என்னத்துக்கு?"

அன்று வேலை முடிந்தபோது தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த வெறும் வளவில் அந்த வருடத்தின் முதல் பனி நாலு அங்குலம் விழுந்து கிடந்தது. வெள்ளையாயிருந்து பழுப்பாகிப்போன சின்னக் கார். அவள் காந்தத்தை எடுத்துச் சுற்றி வைத்துப் பார்த்தாள். ஓட்டைகள் அவன் சொன்ன இடங்களில், சொன்ன அளவில் இருந்தன. ஒன்றுகூடப் பூசி மறைக்கப்படவில்லை. சீமோன் பக்கத்து இருக்கையில் ஏறி, கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தினான்.

முதலாம் கியர். இரண்டாம் கியர். என்ஜின் சின்னது, மிதித்தால்தான் உழைக்கும், ஆனால் மிதிக்க மிதிக்கச் சந்தோசமாகக் கத்திக்கொண்டு உழைத்தது. குளிர்காலத்துக்குப் போட்ட புதுச் சினோ ரயர் நாலும் பனியைக் கடித்துப் பிடித்தன. வளவின் மூலையில் ஸ்ரியரிங்கை ஒடித்து, கைப்பிரேக்கைச் சட்டென்று இழுத்து விட்டாள். பின்பக்கம் வாலைப்போல் வீசித் திரும்பியது. முன் சில்லுகள் காரை இழுத்து நேராக்கின. இன்னொரு முறை செய்தாள். மூன்றாவது முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக, தன்னை மறந்து சிரித்தாள்.

"இது என்ர காசில வாங்கின பெற்றோல்" என்றான் சீமோன். அவன் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

பேரம் பேசாமல் வாங்கினாள். கார்த் திறப்பைக் கொடுக்கும்போது அவன், "உம்மோட எனக்குக் கோவம் கோவந்தான். அது வேற, கார் வேற" என்றான்.

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

அவள் சிவிக்கைக் கொண்டுவந்து ரூஜில் வீட்டு முன்னால் விட்ட அன்று, ட்ரைவ்வேயில் சாம்பல் நிற செடான் நின்றது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. யேசுரட்ணத்திடம் முகத்தைக் காப்பாற்ற, அந்தக் காரில் ஒரு பிழையும் இல்லையென்று காட்ட, பத்மநாதன் அதைத் தானே வாங்கிவிட்டான். மனைவி ரதிக்கென்று. ரதி அதில்தான் நாலு வயது மகள் லக்சிகாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறாள்.

ரதிக்கும் யோகமலருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. தன் கணவன் சம்பாதித்ததில் பாதி இந்த மச்சாளுக்காகப் போனது என்பது ரதியின் எண்ணம். சண்டை போடமாட்டாள், யோகமலருக்குக் கறியில் மிச்சம் வைக்கமாட்டாள், அவ்வளவுதான். யோகமலர் மேலே போய்க் குசினி வாசலில் நின்றாள்.

"மச்சாள், ஒருக்கா வெளிய வாங்கோ. காரில ஒண்டு காட்டவேணும்."

"உங்கட அண்ணன் தங்கச்சிச் சண்டைக்குள்ள என்னை இழுக்காதையும்."

"லக்சிகா இருக்கிற சீற்றுக்குக் கீழதான் இருக்கு."

ரதி அடுப்பை நிற்பாட்டினாள். கோட்டை மேலே போட்டுக்கொண்டு வந்தாள். யோகமலர் பிள்ளையின் இருக்கையைக் கழற்றி வெளியே வைத்து, கம்பளத்தைக் கிளப்பி, ரோச் லைற்றைப் பிடித்தாள். ரதி குனிந்து பார்த்தாள். நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஓடிய தையலை ஒரு விரலால் தடவினாள். அது முடிகிற இடத்தில் விரல்நுனி உள்ளே இறங்கியது. அங்கே ஒட்டே பிடிக்கவில்லை.

"இது அவருக்குத் தெரியுமோ?"

"ஓம்."

ரதி நிமிர்ந்து, பிள்ளையின் இருக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று மேல்மாடியில் என்ன நடந்ததென்று பேஸ்மன்றுக்கு முழுதாகக் கேட்கவில்லை. ரதியின் ஒரு வசனம் மட்டும் தரையைத் துளைத்துக்கொண்டு வந்தது. "என்ர பிள்ளையை வைச்சோ உங்கட மானத்தைக் காப்பாத்துறியள்?"

அடுத்த நாளிலிருந்து வானை ரதி ஓட்டினாள். சாம்பல் காரைப் பத்மநாதன் ஓட்டினான். தங்கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாடகையைக்கூட ரதியின் கையில்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் பனி விட்டுவிட்டுக் கொட்டியது. வாரிக் குவிக்க இடமில்லாமல் தெருவெல்லாம் சுவராகி, கடைசியில் நகரத்துக்கு இராணுவத்தைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் காற்று பலமாக எழும்ப, மதியத்தோடு தொழிற்சாலையை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். யோகமலர் இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து வந்தாள். ஷெப்பேர்ட் வீதி வளைவில், நடைபாதை மூடிப்போனதால் தெருவோரமாகவே ஒருவன் நடந்து போய்க்கொண்டிருந்தான். கையில் சாப்பாட்டுப் பை. நடையைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய்க் கண்ணாடியை இறக்கினாள். "அண்ணை. ஏறுங்கோ."

பத்மநாதன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு நடந்தான்.

அவளும் கூடவே காரை நகர்த்தினாள். ஆள் நடக்கிற வேகத்தில், கிளச்சில் பாதிக் காலை வைத்துக்கொண்டு. திறந்த கண்ணாடியால் பனி வந்து பக்கத்து இருக்கையில் படிந்தது. பின்னால் ஒரு ட்ரக்குக்காரன் ஹோர்ணை அழுத்திவிட்டுச் சுற்றிப் போனான்.

"கார் எங்க?"

அவன் பையை மறு கைக்கு மாற்றினான்.

"அடிபட்டதோ? காயமோ?"

"உன்ர அலுவலைப் பார்."

இரண்டு சந்தி இப்படிப் போனது. மூன்றாவது சந்தியில் அவன் வழுக்கி முழங்காலில் விழுந்தான். பை தெறித்து உருண்டது. அவள் இறங்கவில்லை, இறங்கினால் அவன் எழும்பி ஓடுவான் என்று தெரியும். கதவை மட்டும் எட்டித் தள்ளித் திறந்தாள். அவன் கொஞ்சநேரம் முழங்காலிலேயே இருந்தான். பிறகு வந்து, பனி படிந்த இருக்கையில் அப்படியே இருந்து கதவை அடித்தான். அது பூட்டுப்படவில்லை.

"ரெண்டு தரம் அடிக்கவேணும்."

அடித்தான். அவள் காரை எடுத்தாள்.

"வளைவில பின்பக்கம் ஒரு சத்தம்" என்றான் அவன் கடைசியில். "பிறகு பின்கதவு தானாத் திறந்துது. இறங்கிப் பாத்தா நடு வளைஞ்சு தரையில இருக்கு. ஆரும் இடிக்கேல்லை. சும்மா பள்ளத்தில விழுந்ததுதான்."

அவள் முன் வைப்பரின் வேகத்தைக் கூட்டினாள்.

"சொல்லன். சொல்லத்தானே ஏத்தினனீ."

"சொல்ல ஒண்டும் இல்லை."

"உன்னை அதில விட்டிருப்பன்" என்றான் பத்மநாதன். குரல் கோபமாகத்தான் இருந்தது. யார்மேல் என்று பிரிக்க முடியாத கோபம்.

"ஓம். விட்டிருப்பீங்கள்."

அவள் ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்தானோ என்னவோ, ஒருமுறை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கியர் மாற்றினாள். அவளிடம் ஆறுதல் இருக்கவில்லை. அவன் தன்னைப் படிக்கவைத்ததும் கூப்பிட்டதும் அவளுக்கு நினைவிருந்தது. அந்த நினைவு இருந்த இடத்திலேயே, மெதுவாகப் போனால் ஒன்றும் செய்யாது என்று அவன் சொன்னதும் இருந்தது. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

வீட்டில் இறங்கும்போது அவன் நன்றி சொல்லவில்லை. "உதுக்கு ஹீற்றர் காணாது" என்று மட்டும் சொன்னான்.

மார்ச் முதலாம் திகதி யோகமலர் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் ஒரு சிறிய அப்பார்ட்மென்ற்றுக்குப் போனாள். பெட்டிகளைத் தூக்க ரதி வந்தாள். கேட்காமலே வந்தாள், கதைக்காமலே தூக்கினாள். கடைசிப் பெட்டியை ஹச்பாக்கின் பின்னால் திணித்தபோது, "உமக்கு அங்க தனியப் பயமில்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை மச்சாள்."

"எனக்கெண்டாப் பயமாத்தான் இருக்கும்" என்றாள் ரதி. சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனாள்.

மேலே யன்னல் திரை விலகியிருந்தது. அங்கே பத்மநாதன் நின்றான். யோகமலர் றிவேர்ஸ் கியரைப் போட்டாள். கரைந்த பனித்தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. சந்தியில் ஒரு பள்ளிக்கூட பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் தெருவைப் பார்த்துப் பின்னால் எடுத்தாள், முதலாம் கியருக்கு மாற்றினாள், போனாள்.